மூன்று சென்ட் சைட்டில் வெயில் எங்கே விழும்?

கோவையில் சரவணம்பட்டியிலோ வடவள்ளியிலோ மூன்று சென்ட் சைட்டில் வீடு கட்டுகிறவர்கள் ஆசையாகப் பெரிய ஜன்னல் வைக்கிறார்கள். எதிர்வீட்டு மாடியில் நின்றால் ஹால் முழுக்கத் தெரிகிறது. உடனே திரை போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பகலிலும் டியூப்லைட்தான்.

நம் தொட்டிக்கட்டு வீடுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளிச்சம் வீட்டின் நடுவே திறந்த முற்றமாக விட்ட நடுவாசல் வழியாக மேலிருந்து வந்தது. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியவில்லை. இன்றைய சிறிய சைட்டிலும் இது நடக்கும். ஆனால் இரண்டு தள வீட்டின் நடுவே விடும் வாசல் ஆழமாகிவிடும் என்பதால் அளவைச் சரியாகப் போட வேண்டும்.

கோவை 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். ஜூனில் அது 12 டிகிரி வடக்கே சாயும். டிசம்பரில் 34 டிகிரி தெற்கே. அப்போது 20 அடி உயரத் தெற்குச் சுவரின் நிழல் நடுப்பகலில் 14 அடி நீளும். வாசலின் தென்வடல் நீளம் 6 அடிதான் என்றால் வெயில் வடக்குச் சுவரின் மேல் ஒன்பது அடியோடு நின்றுவிடும், தரைக்கு வராது. அதே வாசலைத் திருப்பி, தென்வடலாக 15 அடி, கிழமேலாக 6 அடி என்று வையுங்கள். டிசம்பரிலும் தரையில் கொஞ்சம் வெயில் விழும். 90 சதுர அடி போகிறதே என்று தயங்குவார்கள். வீடு முழுக்க வெளிச்சம் தருகிற இடம் வீண் இல்லை.

இந்த வாசலின் தரையில் வெயில் விழுவது உச்சிப்பொழுதுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அது நல்லதே, சூடு குறையும். மற்ற நேரமெல்லாம் வானத்து ஒளி சுவரில் பட்டுச் சிதறி அறைகளுக்குள் வரும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்கு வரை திருப்பி அனுப்பும். ஒளி இரண்டு மூன்று தடவை பட்டுத்தான் கீழே இறங்குகிறது, ஒவ்வொரு தடவையும் குறைகிறது. அழகுக்காக அந்தச் சுவரில் கருங்கல் ஒட்டினால் கீழ்த்தளம் இருண்டே போகும். தயவுசெய்து வேண்டாம்.

மேலே கண்ணாடி போடுவதானால் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு அடி தூக்கி, பக்கங்களைக் கம்பியோடு திறந்து விடுங்கள். ஒட்டி மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். மேற்குச் சுவரில் சிறிய ஜன்னல் இருந்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று அதில் நுழைந்து, சூடான காற்றை இந்த இடைவெளி வழியாக வெளியே தள்ளும்.