விழித்திருப்பது யார் வேலை?

மூக்கு ஒழுகுகிறது என்று மெடிக்கலில் மாத்திரை கேட்டால், கொடுப்பவரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுவார்: "தூக்கம் வரும், ராத்திரி போட்டுக்குங்க." அவில், சிபிஎம் என்று நாம் காலங்காலமாக விழுங்கிவரும் பழைய அலர்ஜி மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. அவற்றில் தூக்க மருந்து எதையும் தனியாகக் கலப்பதில்லை. ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் தொழில். மூக்கில் ஹிஸ்டமின் தும்மலையும் ஒழுகலையும் கிளப்பிவிடுகிறது. மூளைக்குள் அதே ஹிஸ்டமினுக்கு வேறு உத்தியோகம்: நம்மை விழித்திருக்க வைப்பது. மாத்திரைக்கு மூக்கு எது, மூளை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டு இடத்திலும் புகுந்து தடுத்துவிடுகிறது. பின்னால் வந்த ஃபெக்சோஃபெனடின் போன்றவை மூளைக்குள் அநேகமாக நுழைவதில்லை. அதனால்தான் அவற்றைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போக முடிகிறது.

ஒரு வேதிப்பொருளைத் தடுத்தாலே கண் சொருகுகிறது என்றால், சும்மா இருந்தால் தானாக இருப்பதல்ல விழிப்பு. யாரோ உள்ளே இடைவிடாமல் பாடுபட்டு அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். யார் அவர்கள் என்பதற்கு முதல் துப்பு கிடைத்தது ஒரு கொள்ளைநோயில்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-17 குளிர்காலத்தில், வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகோனமோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் விசித்திரமான நோயாளிகள் வந்தார்கள். உட்கார்ந்தபடியே, வாயில் சோற்றை வைத்தபடியே தூங்கிப்போனார்கள். தட்டி எழுப்பினால் எழுந்து, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி தூங்கினார்கள். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீண்டது. மூளையில் அழற்சி இருப்பதைக் கண்ட அவர், 1917-ல் இந்த நோய்க்கு என்செஃபலைட்டிஸ் லெதார்ஜிகா என்று பெயர் வைத்தார். அடுத்த பத்தாண்டில் அது உலகின் பல பாகங்களிலும் பரவியது; பிறகு எப்படி வந்ததோ அப்படியே மறைந்தும் போனது. எதனால் வந்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

எகோனமோவை உறுத்தியது இன்னொரு சிறு கூட்டம். அதே நோய்தான், ஆனால் இவர்களுக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டு வகையினரிலும் இறந்தவர்களின் மூளைகளை அவர் வெட்டி நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார். மூளையின் அடியில் நான்கு கிராம் அளவே எடையுள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. தூங்கித் தூங்கி இறந்தவர்களுக்கு அதன் பின்பகுதியும், அதை ஒட்டிய நடுமூளையும் சிதைந்திருந்தன. தூக்கம் வராமல் தவித்தவர்களுக்கோ முன்பகுதி சிதைந்திருந்தது. அப்படியானால் பின்பகுதி விழிக்க வைக்கிறது, முன்பகுதி தூங்க வைக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். எகோனமோ விமானம் ஓட்டுவதில் பித்துக்கொண்டவர், ஆஸ்திரியாவின் ஆரம்பகால விமானிகளில் ஒருவர். மருத்துவத்திலும் அவருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. எந்த வேதிப்பொருளும் தெரியாத காலத்தில் இப்படியொரு வரைபடத்தைப் போட்டுவைத்ததை வேறு எப்படிச் சொல்வது?

அந்தக் காலத்தில் பெரும்பாலோர் நம்பியது வேறு. கண், காது, தோல் வழியாக ஓயாமல் செய்திகள் வருவதால்தான் மூளை விழித்திருக்கிறது, அவை நின்றால் தூங்கிவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. 1935-ல் பெல்ஜியத்தின் ஃப்ரெடரிக் பிரெமர் ஒரு பூனையின் மூளைத்தண்டை நடுமூளை மட்டத்தில் துண்டித்தபோது, அதன் மேல்மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனது. செய்திகள் அறுந்துபோனதால் தூக்கம் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். ஆனால் பார்வை நரம்பும் மோப்ப நரம்பும் அந்த வெட்டுக்கு மேலேதான் மூளைக்குள் நுழைகின்றன. அவை இரண்டும் அறுபடவில்லை. அப்படியும் மூளை தூங்கியது.

1949-ல் ஜூசெப்பே மொருட்சியும் ஹோரஸ் மகூனும் அமெரிக்காவில் செய்த சோதனை இதைத் தெளிவாக்கியது. லேசான மயக்கத்தில் இருந்த பூனையின் மூளை அலைகளை ஈஈஜியில் பதிவு செய்தார்கள். மயக்கத்தில் அந்தக் கோடு பெரிய பெரிய மெதுவான மேடுகளாக ஓடும். மூளைத்தண்டின் நடுவில் வலைபோல் பின்னிக்கிடக்கும் பகுதிக்குச் சின்ன மின்னோட்டம் கொடுத்ததும், மேடுகள் மறைந்து கோடு தாழ்ந்து, வேகமான சிறு நடுக்கமாக மாறியது. விழித்திருக்கும் மூளையின் கோடு அப்படித்தான் இருக்கும். வெளியிலிருந்து சத்தமோ வெளிச்சமோ எதுவும் கொடுக்கவில்லை. அடுத்து நடந்த சோதனைகளில், புலன்களின் பாதையை விட்டுவிட்டு இந்த நடுப்பகுதியை மட்டும் அழித்தபோது விலங்கு எழவேயில்லை. பாதையை அறுத்து நடுப்பகுதியை விட்டுவைத்தபோது விழித்திருந்தது.

அந்த வலைக்குள்ளும் அதை ஒட்டியும் யார் யார் இருக்கிறார்கள் என்று இப்போது ஓரளவு விவரமாகவே தெரியும். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு நீல நிறப் புள்ளி இருக்கிறது. மனிதருக்குச் சில பத்தாயிரம் நரம்பணுக்களே உள்ள அது, மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை அனுப்புகிறது. செரோடோனின், அசிட்டைல்கோலின் என்ற வேறு வேதிப்பொருட்களுக்கும் ஆளுக்கொரு நரம்பணுக் கூட்டம் உண்டு. நம் மாத்திரை தடுக்கும் ஹிஸ்டமினைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருப்பது ஹைபோதலாமஸின் பின்பகுதியில், அதாவது எகோனமோ விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில். 1996-ல் கிளிஃபோர்ட் சேப்பரின் குழு முன்பகுதியிலும் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தது. தூங்கும்போது மட்டும் சுறுசுறுப்பாகும் அந்த நரம்பணுக்கள், மேலே சொன்ன அத்தனை விழிப்புக் கூட்டங்களையும் அடக்குகின்றன. எகோனமோவின் வரைபடத்தின் மறுபாதியும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்துச் சரியாகிவிட்டது.

இதில் அடக்குதல் ஒருவழிப் பாதை அல்ல. விழிப்புக் கூட்டமும் தூக்கக் கூட்டத்தை அடக்கும். எது கொஞ்சம் ஓங்குகிறதோ அது மற்றதை மட்டுப்படுத்துகிறது. மட்டுப்பட்டது திருப்பி அடக்க முடியாததால் ஓங்கியது இன்னும் ஓங்குகிறது. எனவே மூளை பாதி விழிப்பு, பாதி தூக்கம் என்று நடுவில் அதிகம் தங்குவதில்லை. சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போல இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் விழுகிறது. டிவி பார்த்துக்கொண்டே இருப்பவர் எந்த நொடியில் தூங்கினார் என்று அவருக்கே தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஆனால் இப்படிப்பட்ட ஸ்விட்சில் ஒரு சிக்கல் உண்டு. சற்றே தளர்ந்தாலும் பகலில் பத்து முறை சாய்ந்துவிடும். சாயாமல் அதை ஒரு விரல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

அந்த விரலும் மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள்தான். அது 1998-ல் அகப்பட்டது, அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு குழுக்களிடம். ஒரு குழு அதற்கு ஹைப்போகிரெட்டின் என்று பெயரிட்டது. மசாஷி யனகிசாவாவின் குழு ஒரெக்சின் என்று பெயரிட்டது. இது பசியைத் தூண்டும் பொருள் என்று நினைத்து, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். அடுத்த ஆண்டே கதை மாறியது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக ஒரு நாய்க் கூட்டத்தை வளர்த்துவந்தார்கள். டோபர்மேன், லாப்ரடார் நாய்கள், அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழும் நார்கோலெப்சி என்ற நோய் பரம்பரையாக உள்ளவை. அவற்றுக்கு வைத்த பரிசோதனை மிக எளிது. தரையில் வரிசையாகப் பன்னிரண்டு துண்டு உணவை வைப்பார்கள். சாதாரண நாய் சில நொடிகளில் அத்தனையையும் வழித்துத் தின்றுவிடும். இந்த நாய்களோ முதல் துண்டைக் கண்ட சந்தோஷத்திலேயே பின்னங்கால் மடங்கி உட்காரும், சில சமயம் அப்படியே சரிந்து படுத்துவிடும். கண் திறந்திருக்கும், சுற்றி நடப்பதும் தெரியும், உடம்பு மட்டும் துவண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து அடுத்த துண்டுக்குப் போய், அங்கேயும் விழும். கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும் அல்லவா? அந்தத் தளர்ச்சி விழிப்புக்குள் நுழைந்துவிடுகிறது. 1999-ல் எம்மானுவேல் மிக்னோவின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: அந்த நாய்களில் ஒரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு பழுதாகியிருந்தது. அதே ஆண்டு யனகிசாவாவின் ஆய்வகத்தில் ஒரெக்சின் இல்லாமல் பிறந்த எலிகளும் இதேபோலத் துவண்டு விழுந்தன.

மனிதர்களில் கதை சற்று வேறு. பெரும்பாலான நோயாளிகளுக்கு மரபணு சரியாகவே இருக்கிறது. ஒரெக்சின் சுரக்கும் நரம்பணுக்களே அநேகமாக அழிந்துபோய்விடுகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அவற்றைத் தாக்குகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. இத்தனை பெரிய மூளையில் இந்த நரம்பணுக்கள் மொத்தமே ஒரு லட்சத்துக்கும் குறைவு. அவை போனால், ஜோக் கேட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குகிறது, வகுப்பில், பேச்சின் நடுவில், சாப்பாட்டில் தூக்கம் வந்து விழுகிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கு. இவர்களில் பலர் வருடக்கணக்கில் "சோம்பேறி" என்று திட்டு வாங்கியபின்தான் சரியான மருத்துவரிடம் போய்ச் சேருகிறார்கள். இந்தக் கண்டுபிடிப்பைத் திருப்பிப் போட்டால் தூக்க மருந்து: ஒரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி கொடுத்தது. மிக்னோவுக்கும் யனகிசாவாவுக்கும் 2023-ன் பிரேக்த்ரூ என்ற அறிவியல் பரிசு கிடைத்தது.

சரி, விரல் அழுத்திப் பிடித்திருக்கும்போதே ராத்திரியானால் தூக்கம் எப்படி வருகிறது? விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை சக்தியைச் செலவழிக்கிறது. அந்தச் செலவின் மிச்சமாக அடினோசின் என்ற பொருள் மூளையின் சில இடங்களில் சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேர விழிப்புக் கூட்டங்கள் மந்தமாகும். காபி குடித்தால், அதிலுள்ள கஃபீன் அடினோசின் உட்காரவேண்டிய ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, மூளைக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறு மணி காபியின் கணிசமான பங்கு பதினொரு மணிக்கும் உள்ளேதான் இருக்கும்.

அடினோசின் ஒரு கணக்கு என்றால் உடல் கடிகாரம் இன்னொரு கணக்கு. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு கொத்து இந்தக் கடிகாரத்தை ஓட்டுகிறது. நாள் ஏற ஏறச் சேரும் தூக்க அழுத்தத்துக்கு எதிராக அது விழிப்புக்குக் கைகொடுக்கிறது, அதுவும் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மிக பலமாக. விடியற்கால முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கு எழவேண்டும் என்று எட்டு மணிக்கே படுத்தவர் பத்து மணி வரை புரண்டுகொண்டிருப்பது இதனால்தான். ராத்திரி முழுக்கத் தூங்காதவருக்கு விடியற்காலை நான்கு மணிக்குத் தலை தொங்கி, எட்டு மணிக்குக் கொஞ்சம் தெளிவதும் கடிகாரத்தின் உபயம்தான். அந்த எட்டு மணித் தெளிவை நம்பி ஏமாறக் கூடாது.

எத்தனை நாள் இழுக்கலாம்? 1963 டிசம்பர் இறுதியில், சான் டியேகோவில் ரேண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தூங்காமல் இருக்கத் தொடங்கி 11 நாள் தாக்குப்பிடித்தார். கடைசி நாளில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது 65-ல் நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. முடிந்ததும் ஏறக்குறைய 14 மணி நேரம் தூங்கினார். கின்னஸ் இப்போது இந்த வகைச் சாதனையை ஏற்பதில்லை.

அவர் அந்த 11 நாளும் முழுதாக விழித்திருந்தாரா என்று கேட்க இப்போது காரணம் இருக்கிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கவேண்டிய நேரத்தில் எலிகளைப் புதுப்புதுப் பொருட்களைக் காட்டி விழிக்க வைத்தார்கள். எலிகள் நடமாடின, கண் திறந்திருந்தது, ஈஈஜியும் விழிப்பையே காட்டியது. ஆனால் மூளையின் வெளி அடுக்கான புறணியில் அங்கங்கே சில நரம்பணுக்கள், ஆழ்ந்த தூக்கத்தில் அணைவதுபோலக் கணநேரம் அணைந்து அணைந்து எரிந்தன. சர்க்கரை உருண்டையைக் கையால் எடுக்கும் பழகிய வேலையில், அணைந்தது அதற்குரிய பகுதியில் என்றால் எலி உருண்டையைத் தவறவிடுவது அதிகமாக இருந்தது. ஸ்விட்ச் விழிப்புப் பக்கம்தான் இருக்கிறது, வீட்டுக்குள் சில அறைகளில் மட்டும் விளக்கு இல்லை.

இரவில் வண்டி ஓட்டுபவருக்கு இது நேரடியான ஆபத்து. ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்தால் தூக்கம் போய்விடும் என்பது நம் எல்லோர் நம்பிக்கையும். பிரிட்டனில் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரெய்னரும் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை ஓட்டுநர் சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தபோது, குளிர்காற்றாலும் ரேடியோவாலும் பெரிய பலன் இல்லை. பலன் தந்தது காபியும், அதைக் குடித்த கையோடு போட்ட கால் மணி நேரத் தூக்கமும். கஃபீன் வேலையைத் தொடங்க எப்படியும் இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் குட்டித் தூக்கம் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடுவோம், எழுந்தாலும் தெளிவு வர நேரமாகும். மூளைத்தண்டு சட்டென்று விழித்துவிடும். முடிவெடுக்கும் முன்மூளை எழுந்து வருவதற்குக் கால் மணி, அரை மணி கூட ஆகலாம். அதுவரை சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.