மருந்து ஒவ்வாமை: சொல்லும் பொருளும்

வலிப்பு மருந்து தொடங்கிய குழந்தைக்குச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் செந்தடிப்பும் ஒருசேரத் தோன்றினால், 'டிரக் அலர்ஜியாக இருக்கலாம்' என்பார் மருத்துவர். அதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் மருந்து ஒவ்வாமை.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே. கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்பது வேறு, 'எர்கோன்' என்பது செயல். சீரம் (விலங்கின் குருதியிலிருந்து எடுத்த நச்சுமுறி நீர்) ஊசி போட்ட குழந்தைகளுக்கு அன்று ஒன்றும் நேராமல், ஒரு வாரம் பத்து நாள் சென்றபின் காய்ச்சலும் தடிப்பும் நெறிக்கட்டும் வந்ததை அவரும் பேலா ஷிக்கும் ஆராய்ந்து 1905இல் நூலாக வெளியிட்டிருந்தனர். இன்று தும்மல், அரிப்பு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்ட இச்சொல்லின் பிறப்பிலேயே இந்தக் காலத்தாழ்வும் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. வலிப்பு மருந்துகளின் கடும் ஒவ்வாமையும் அப்படித்தான், பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள், பெற்றோர் 'மருந்து ஒத்துக்கொண்டுவிட்டது' என்று நம்பத் தொடங்கிய வேளையில் வருகிறது.

'ஒவ்வு' என்றால் பொருந்து, இசை. அதன் எதிர்மறையான 'ஒவ்வா' என்பதோடு 'மை' விகுதி சேர ஒவ்வாமை ஆயிற்று. 'மிகையுணர்வு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது மனவுணர்ச்சியைக் குறிப்பதாக மயங்க இடமிருப்பதால், 'கடும் மருந்து ஒவ்வாமை' என்பதே தெளிவு. பக்கவிளைவு என்பது வேறு: ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தால் ஈறு தடிப்பது பக்கவிளைவு; வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்த்தொகுதியோ உயிருக்கே ஊறு விளைவிக்கும் ஒவ்வாமை. 1922இல் இந்நோய்த்தொகுதியை விவரித்த ஸ்டீவன்ஸ், ஜான்சன் இருவரும் குழந்தை மருத்துவர்களே. அவர்கள் கண்டது 7, 8 வயதுச் சிறுவர் இருவரிடம். தோலோடு நில்லாமல் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் வகையும் உண்டு. அதில் முகம் வீங்கும், நெறிகட்டும்.

தடிப்போடு காய்ச்சலோ வாய்ப்புண்ணோ தோல்வலியோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மூளக்கூடும் என்பதால், நிறுத்தும் முறையையும் மாற்று மருந்தையும் அவரே முடிவுசெய்வார். ஃபெனிடோயின் ஒவ்வாத குழந்தைக்கு அதனோடு வேதியமைப்பில் ஒத்த கார்பமசெபினும் ஃபீனோபார்பிட்டாலும் ஒவ்வாமற்போகலாம். ஆகவே குறிப்பேட்டில் 'அலர்ஜி உண்டு' என்று பொதுப்பட எழுதிவிடாமல், மருந்தின் பெயர், தொடங்கிய நாள், தடிப்பு தோன்றிய நாள் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க வேண்டும்.