‘பத்து மடங்கு’ சிலிக்கான்: எந்த எண்ணைக் கேட்க வேண்டும்?

மெல்லிய கைபேசியில் பெரிய பேட்டரி என்றாலே இப்போது ‘சிலிக்கான்-கார்பன்’ என்ற பெயர் கூடவே வருகிறது. 2023இல் ஹானர் நிறுவனம் சீனச் சந்தைக்கான தன் மேஜிக் 5 ப்ரோவில் இதை வைத்தது. பிறகு பலரும் அந்த வழியில் வந்துவிட்டார்கள். விளம்பரத்தில் தவறாமல் இடம்பெறும் வாசகம், ‘கிராஃபைட்டைவிடப் பத்து மடங்கு கொள்ளளவு’. மின்வாய்ப் பொருள்களைத் தயாரித்துச் சோதிப்பதே என் வேலை. அந்த வாசகம் பொய்யில்லை. ஆனால் பேட்டரி வாங்குபவருக்கும் சரி, அதில் பணம் போடுபவருக்கும் சரி, அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

கணக்கைப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்கும் மின்வாய்க்கு ஆனோடு என்று பெயர். அதில் வழக்கமாக இருப்பது கிராஃபைட் என்ற கார்பன். கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்தைத் தாங்கும். கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. சிலிக்கானோ நான்கு அணுக்களுக்குப் பதினைந்து லித்தியத்தை இழுத்துக்கொள்ளும். கிராமுக்கு ஏறத்தாழ 3,580. ஆனால் பேட்டரி என்பது ஆனோடு மட்டுமல்லவே. எதிரில் இருந்து லித்தியத்தைக் கொடுக்கும் மின்வாயான கேத்தோடு கிராமுக்கு 200 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் எடையையும் கூட்டி வகுத்தால் கிராஃபைட்டுடன் கிடைப்பது கிராமுக்கு 130. தூய சிலிக்கானுடன் 189. பத்து மடங்கு என்று கிளம்பியது ஒன்றரை மடங்கைக்கூடத் தொடவில்லை. தாமிரத் தகடு, அலுமினியத் தகடு, பிரிப்பான், லித்தியம் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி, உறை ஆகியவற்றின் எடை இன்னும் பாக்கி. சிலிக்கானின் மின்னழுத்தம் கிராஃபைட்டினுடையதைவிடச் சற்று மேலே இருப்பதால் பேட்டரியின் அலகான கலத்தின் மின்னழுத்தத்திலும் கொஞ்சம் குறையும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆனோடு வெறும் 1,000ஐ எட்டினாலே அந்த 130 என்பது 167 ஆகிவிடுகிறது. ஆதாயத்தின் பெரும்பகுதி அங்கேயே கைக்கு வந்துவிடும். கிராஃபைட்டோடு அளவாகச் சிலிக்கானைக் கலப்பதன் காரணம் இதுதான்.

சிக்கல் எங்கே என்றால், லித்தியத்தை வாங்கிய சிலிக்கான் ஊதிப் பெருக்கிறது. கிராஃபைட் பத்து சதவீத அளவுக்கு விரியும். சிலிக்கான் முழுக்க நிறைந்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாகிவிடும். மின்னிறக்கத்தில் மறுபடி சுருங்கும். துகள் வெடிக்கும், தாமிரத் தகட்டிலிருந்து பூச்சு கழன்றுவிடும். பலமுறை சார்ஜ் செய்த மட்டமான கலம் ஒன்றைப் பிரித்தால், கருப்புப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் தாமிரம் பளிச்சென்று தெரியும்.

உடைவதைவிட மோசமான இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனோடின் மேற்பரப்பில் மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. காயத்தின் மேல் பொருக்கு கட்டுவது போன்றதுதான். அது உறுதியாக நின்றால் பாதுகாப்பு. சிலிக்கான் விரியும்போது படலம் கிழிகிறது, புதிய பரப்பு வெளிப்படுகிறது, அங்கே மீண்டும் படலம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் அதில் சிக்கித் திரும்பாமல் போய்விடும். ஒரு சுழற்சியில், அதாவது ஒருமுறை சார்ஜ் ஏறி இறங்கும்போது, 99.9 சதவீத லித்தியம் திரும்பி வருகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே 500 முறை பெருக்கினால் மிஞ்சுவது 61 சதவீதம். 99.99 என்றால் 95 சதவீதம். பேட்டரியின் ஆயுளை அந்தக் கடைசி ஒன்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆய்வுக்கூட முடிவுகள் பலவற்றில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. சிலிக்கானுக்கு எதிரே கேத்தோடுக்குப் பதில் லித்தியம் உலோகத் தகட்டை வைத்துச் சோதிப்பது வழக்கம். அந்தத் தகட்டில் லித்தியம் கொட்டிக் கிடக்கிறது. போனதை அது ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், வரைபடமும் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். பூச்சையும் மிக மெல்லியதாகத் தடவியிருப்பார்கள். ஆரம்பநிலைத் தேர்வுக்கு இந்தச் சோதனை போதும். அதைக் காட்டிப் பொருளை விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. யாராவது அப்படிப்பட்ட வரைபடத்தை நீட்டினால், கேத்தோடுடன் கூடிய முழுக் கலத்தில் என்ன வந்தது, பூச்சு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லி ஆம்பியர் மணி, முதல் சுழற்சியில் போன லித்தியம் எவ்வளவு என்று கேளுங்கள். முதல் இழப்பு கிராஃபைட்டில் பத்து சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த இன்னொரு ஆனோடுப் பொருளான சிலிக்கான் ஆக்சைடில், முன்கூட்டியே லித்தியம் ஏற்றாவிட்டால், கால் பங்குவரை போகும்.

கார்பன் எதற்கு என்பது இங்கேதான் விளங்கும். சிலிக்கான் துகள் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் விரிந்தாலும் வெடிப்பதில்லை. 2008இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் யி சுய் குழுவினர் சிலிக்கான் நானோ கம்பிகளை வைத்து, விரிவுக்கு இடம் விட்டால் பொருள் தாங்கும் என்று காட்டினார்கள். ஆனால் துகளைச் சிறிதாக்கினால் மேற்பரப்பு பெருகும். மேற்பரப்பு பெருகினால் மேலே சொன்ன படலமும் பெருகும். வெறும் நானோத் தூளால் வேலை ஆகாததற்குக் காரணம் இதுவே. எனக்கு இன்றைக்கு நம்பிக்கை தருவது வேறொரு வழி: நுண்துளைகள் நிறைந்த கார்பன் துகளுக்குள் சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சைலேன் வாயுவைச் செலுத்திச் சூடாக்கி, துளைச் சுவர்களில் சிலிக்கானைப் படியவைப்பது. துளை முழுதும் நிரம்புவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். சிலிக்கான் உள்ளே நானோ அளவில் இருக்கும், விரிய வெற்றிடம் இருக்கும்; மின்பகுளி தொடுவதோ பெரும்பாலும் வெளியே உள்ள கார்பனைத்தான்.

இந்தத் துறையில் புதிதாக இறங்கும் சிறு கூடங்களுக்கு ஓர் எச்சரிக்கை. சைலேன் காற்றில் பட்டவுடன் தானாகவே தீப்பற்றக்கூடியது. கசிவு உணரியும் தகுந்த காற்றோட்டமும் இல்லாத அறையில் அதன் உருளையைத் திறக்கவே கூடாது. சிலிக்கானைத் தூளாக வாங்கிப் பயன்படுத்துபவர்களுக்கும் ஆபத்து உண்டு. தண்ணீர் சேர்த்துக் குழைத்த சிலிக்கான் குழம்பில் சிறு குமிழிகள் எழுவதைப் பார்க்கலாம். அது கலக்கும்போது புகுந்த காற்று என்று நினைத்துவிட வேண்டாம். சிலிக்கான் தண்ணீரோடு வினைபுரிந்து வெளியிடும் ஹைட்ரஜனாக இருக்கலாம். இறுக மூடிய டப்பாவில் இரவு முழுக்க விட்டுவைத்தால் மறுநாள் மூடி உப்பியிருக்கும். பக்கத்தில் தீப்பொறி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கைபேசி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். கிராஃபைட்டும் சிலிக்கானும் கலந்த ஆனோடில், சார்ஜ் அடிமட்டத்துக்கு வரும்போதுதான் சிலிக்கான் தன் லித்தியத்தை அதிகமாக விடுகிறது. ஆகவே தினமும் கைபேசி அணையும்வரை இழுப்பது சிலிக்கானுக்கே கூடுதல் சிரமம். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே சார்ஜ் போடுவது நல்லது. முழு சார்ஜோடு வெயிலிலோ சூடான வண்டிக்குள்ளோ விட்டுவைப்பது எந்த லித்தியம் அயனி பேட்டரிக்கும் கெடுதல். சிலிக்கான் உள்ளதற்கும் அதில் விலக்கில்லை. இந்த வகை கலம் சார்ஜ் ஏறும்போது சற்றுத் தடிப்பது இயல்பு, அதற்கான இடத்தை வடிவமைப்பாளர்கள் விட்டிருப்பார்கள். பின்மூடி மேலெழுந்தாலோ திரை தூக்கிக்கொண்டு நின்றாலோ அது இயல்பல்ல, உள்ளே வாயு சேர்கிறது. உடனே சார்ஜரைக் கழற்றி, கைபேசியை அணைத்துத் தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, சேவை மையத்தில் ஒப்படையுங்கள். மூடியை அழுத்தி உட்காரவைக்கவோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவோ முயல வேண்டாம். குத்தினால் உள்ளே மின்வாய்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்துவிடலாம்.