ஜெனரல் லீயும் உதைத்த கணக்கும்

1863 மே 2, சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், வர்ஜீனியாவில் சான்சலர்ஸ்வில் காட்டோரமாக வடக்குப் படைக்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காட்டுக்குள்ளிருந்து மான்களும் முயல்களும் தலைதெறிக்க ஓடி வந்தன. அவற்றின் பின்னாலேயே வந்தது தெற்குத் தளபதிகளில் ஒருவரான ஸ்டோன்வால் ஜாக்சனின் படை, சுமார் 28,000 பேர்.

அமெரிக்க உள்நாட்டுப் போர். தெற்கின் தளபதி ராபர்ட் லீயிடம் அங்கே ஏறக்குறைய 60,000 பேர், எதிரே வடக்கின் தளபதி ஹூக்கரிடம் 1,30,000. பாதி ஆள்கூட இல்லாதவன் இருப்பதையும் பிரிப்பானா? லீ பிரித்தார், அதுவும் இரண்டு தடவை. ஜாக்சனின் 28,000 பேர் அப்படிப் பிரித்து அனுப்பிய பகுதிதான்.

ஏன் பலித்தது என்பதற்கு லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய எஞ்சினியரின் சூத்திரம் உதவும். துப்பாக்கிச் சண்டையில் படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கம் என்றார் அவர். அப்படியானால் 60-க்கு 130 என்பது 3,600-க்கு 16,900, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நேருக்கு நேர் நின்றால் லீ காலி. ஆனால் ஜாக்சன் பாய்ந்தது ஓரத்தில் இருந்த சுமார் 11,000 பேர் மேல்தான். 28-க்கு 11, அதாவது 784-க்கு 121. எதிரியின் கூட்டம் குறையவே இல்லை, அதில் பெரும்பகுதி அந்த இரண்டு மணி நேரம் சண்டைக்கு வெளியே நின்றது, அவ்வளவுதான் வித்தை. (பயம், இருட்டு, காடு எதுவும் சூத்திரத்தில் கிடையாது, தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.)

சரி, ஜெயித்தாயிற்று. அப்புறம்? வடக்குக்குச் சேதம் சுமார் 17,000 பேர், தெற்குக்கு 13,000. லாபம் மாதிரி தெரிகிறது இல்லையா, சதவீதமாகப் போட்டால் ஹூக்கருக்கு 13, லீக்கு 21-க்கும் மேல். இன்னும் நாலு வெற்றி இப்படிக் கிடைத்தால் படையே மிஞ்சாது. வடக்கின் ஜனத்தொகை 2.2 கோடி, தெற்கில் 90 லட்சம், அதிலும் 35 லட்சம் பேர் அடிமைகள், அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கக் கடைசி வாரங்கள் வரை தெற்குக்குத் துணிவில்லை. வடக்கு தயங்கினாலும் முன்பே கொடுத்தது, சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் அதன் படையில் சேர்ந்தார்கள். ஜாக்சனையோ அன்றிரவே அவருடைய ஆட்களே இருட்டில் தவறுதலாகச் சுட்டுவிட்டார்கள். எட்டு நாளில் இறந்தார்.

லீயின் திறமை வாங்கித் தந்தது நேரம். வடக்கு போர் போதும் என்று சலித்துப்போனால் அந்த நேரத்துக்கு விலை உண்டு, 1864 ஆகஸ்டில் வடக்கின் ஜனாதிபதி லிங்கனே தேர்தலில் தோற்றுவிடுவேன் என்று எழுதி வைத்திருந்தார். செப்டம்பரில் வடக்கின் தளபதி ஷெர்மன் தெற்கின் அட்லாண்டா நகரைப் பிடித்தார், காற்று திரும்பிவிட்டது. லீயை அதற்குள் வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட், வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழிகளில் கட்டிப்போட்டிருந்தார், எதிரியைச் சுற்றிவந்து ஓரத்தில் அடிக்க வழியே இல்லை.

1865 ஏப்ரல் 4, பீட்டர்ஸ்பர்கிலிருந்து பின்வாங்கிய லீயின் படை பட்டினியோடு அமீலியா கோர்ட் ஹவுஸ் ரயில் நிலையத்துக்கு வந்தது. அங்கே சாப்பாடு காத்திருக்கும் என்று லீ நம்பியிருந்தார். ரயில் பெட்டிகளைத் திறந்தால் வெடிமருந்து. அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் தானியம் கேட்டு வண்டிகளை அனுப்பினார், வண்டிகள் அநேகமாகக் காலியாகவே திரும்பின, ஒரு நாள் போயிற்று. 9-ஆம் தேதி அப்போமாட்டக்ஸில் சரணடைந்தபோது அந்தப் படைக்கு 25,000 பேரின் ரேஷன் கொடுத்தவர் கிராண்ட்.