சீனியாரிட்டி: பணிமூப்பா, மூப்பு வரிசையா?

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்குப் ‘பதிவு மூப்பு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வயது எதுவாகவும் இருக்கட்டும், யார் முன்னால் பதிந்தாரோ அவர் மூத்தவர். விமானிகள் ‘சீனியாரிட்டி’ என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் நாளிதழ்களில் அந்தச் சொல்லைப் படிக்கும் நாம் அனுபவம், வயது, தகுதி எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இரண்டு விமான நிறுவனங்கள் இணையும்போது விமானிகள் ஏன் வேலைநிறுத்தம் வரை போகிறார்கள் என்பது பலருக்கு விளங்காமல் போவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். அதன் ஒப்பீட்டு வடிவம்தான் ‘சீனியர்’: இன்னொருவரைவிட முதியவர் என்று பொருள். ரோமாபுரியின் செனட் அவையும் இதே வேரில் முளைத்தது; முதியோர் அவை. ஆக, ஒப்பீடு என்பது இந்தச் சொல்லின் கருவிலேயே இருக்கிறது. ஜூனியர் ஒருவர் இல்லாமல் சீனியர் இல்லை.

தமிழில் மூ, முது என்பவை ஒரே குடும்பம். மூத்தல், மூப்பு, மூத்தோன், மூதூர், முதுமை எல்லாம் அதன் பிள்ளைகள். தேவாலயங்களில் ‘மூப்பர்’ என்கிறோம். ‘பிணி, மூப்பு, சாக்காடு’ என்னும்போது மூப்பு என்பது தளர்ச்சி. ‘அவருக்கு நான் மூத்தவன்’ என்னும்போது அது வரிசை. இந்த இரட்டைப் பொருள் பழையது. புறநானூற்றின் 183ஆம் பாடலில் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஒரே குடியில் பிறந்தவர்களுக்குள்ளும் ‘மூத்தோன் வருக என்னாது’ அறிவுடையோன் காட்டும் வழியில்தான் அரசும் செல்லும் என்கிறான். அங்கே மூத்தோன் என்பது பிறந்த வரிசையில் முன்னவன். பாண்டியன் அறிவை முன்னே வைத்தான். விமானிகளின் உலகம் இதற்கு நேர் எதிராக, வரிசையைத்தான் முன்னே வைத்திருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது வழக்கில் உள்ள நிகரான சொற்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் ‘பணிமூப்பு’ நன்றாக வேரூன்றிவிட்டது. ‘முதுநிலை’ என்பதும் உண்டு, ஆனால் முதுநிலைப் பட்டப்படிப்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இலங்கையில் ‘சேவை மூப்பு’ என்பார்கள். ‘சிரேஷ்ட’ என்ற வடமொழி அடையும் அங்கே பரவலானது. இவற்றுள் பணிமூப்பு அழகான சொல், எளிதில் புரியும் சொல். ஆனால் அது ‘எத்தனை ஆண்டு வேலை பார்த்தார்’ என்பதையே நினைவுக்குக் கொண்டுவருகிறது. விமானியின் சீனியாரிட்டி ஆண்டுக் கணக்கு மட்டுமல்ல. அது பட்டியலில் ஓர் இடம்.

அமெரிக்க நிறுவனங்களில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சம்பளத்தின் படிநிலை, நிறுவனத்தில் கழித்த ஆண்டுகளைப் பொறுத்தது. ஆனால் மணிக்கு எவ்வளவு என்பதை, ஓட்டும் விமானத்தின் அளவும் உட்காரும் இருக்கையும் தீர்மானிக்கின்றன. பெரிய விமானத்துக்குச் சிறிய விமானத்தைவிடக் கூடுதல். கேப்டனுக்குத் துணை விமானியைவிட மிகக் கூடுதல். எந்த விமானம், எந்த இருக்கை, எந்த ஊர், தீபாவளியோ கிறிஸ்துமஸோ யார் வீட்டில் இருப்பது என்பதையெல்லாம் பட்டியலில் உள்ள எண் முடிவு செய்கிறது. காலி இடம் வந்தால் பட்டியலின் மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டே வருவார்கள். ஆட்குறைப்பு வந்தால் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டே போவார்கள். அதனால் ஒரே எண் சம்பளத்தையும் வேலையின் உறுதியையும் சேர்த்துச் சுமக்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது. இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவரும் புதிய பெருநிறுவனத்தில் பட்டியலின் அடியில்தான் நுழைய வேண்டும். தகுதியை அளந்து பதவி கொடுக்கட்டும் என்று நெடுஞ்செழியன் பக்கம் நின்று கேட்கலாம். ஆனால் ‘இந்த வானிலையில் நான் கிளம்ப மாட்டேன்’ என்று சொல்ல ஒரு விமானிக்குத் துணிவு வேண்டும். மேலதிகாரியின் தயவில் பதவி உயர்வு கிடைக்கும் இடத்தில் அந்தத் துணிவு குறையும். வரிசை கண்மூடித்தனமானது, உண்மைதான். ஆனால் யாருடைய முகத்தையும் பார்க்காது. இதற்காகவே நான் அதை மதிக்கிறேன்.

இணைப்பு வரும்போது இரண்டு பட்டியல்களை ஒன்றாகத் தொடுக்க வேண்டும். மல்லிகையையும் கனகாம்பரத்தையும் சேர்த்துத் தொடுப்பதுபோலத்தான்: இரண்டுக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா, எந்தப் பூவில் தொடங்குவது? இங்கேதான் சொல்லின் இரண்டு பொருள்களும் மோதுகின்றன.

இதற்கு மிகக் கசப்பான எடுத்துக்காட்டு யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005இல் இணைந்தது. யுஎஸ் ஏர்வேஸ் பழைய நிறுவனம், 2002இலும் 2004இலும் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் விமானிகள் ஏறக்குறைய 1,700 பேர் ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தார்கள். அரிசோனாவைத் தளமாகக் கொண்ட அமெரிக்கா வெஸ்ட் சிறியது, இளையது. கிழக்குத் தரப்பு எனப்பட்ட யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் ‘வேலைக்குச் சேர்ந்த நாளைப் பார்’ என்றார்கள். மேற்குத் தரப்பினரான அமெரிக்கா வெஸ்ட் விமானிகள், ‘சேர்ந்த நாள் இருக்கட்டும், இணைப்புக்கு முதல் நாள் யார் எந்த நிலையில் இருந்தார் என்று பார், நாங்கள் வராவிட்டால் உங்கள் நிறுவனமே மிஞ்சியிருக்காது’ என்றார்கள். ஒருவர் பேசியது பணிமூப்பு, மற்றவர் பேசியது வரிசையில் உள்ள இடம். இருவரும் பயன்படுத்திய சொல் ஒன்றே.

நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007 மே மாதம் தீர்ப்பளித்தார். பெரிய விமானங்களை ஓட்டிய கிழக்கு விமானிகள் சுமார் 500 பேர் உச்சியில். நடுவில் இரு தரப்பும் கலந்து. வீட்டில் இருந்த 1,700 பேர் எல்லோருக்கும் அடியில். பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட மூப்பு உள்ளவர்கள், சில மாதங்களுக்கு முன் சேர்ந்த மேற்கு விமானிக்கும் கீழே போனார்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மையான கிழக்கு விமானிகள் தங்கள் தொழிற்சங்கத்தையே 2008இல் வாக்களித்து மாற்றினார்கள். புதிய சங்கம் சேர்ந்த நாளே அளவுகோல் என்று தன் விதிகளில் எழுதிக்கொண்டது. வழக்குகள் ஓடின. ஒரே சின்னம் தாங்கிய விமானங்களைக் கிழக்கு, மேற்கு என இரண்டு கூட்டம், இரண்டு ஒப்பந்தங்களின் கீழ், ஆண்டுக்கணக்கில் ஓட்டியது. புதிய கூட்டு ஒப்பந்தம் வராததால் பழைய, குறைந்த சம்பளமும் தொடர்ந்தது. பட்டியல் சண்டையில் நிறுவனத்துக்குத்தான் செலவு மிச்சம் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன. அறிந்தும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. பின்னர் அந்த நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் 2013 டிசம்பரில் இணைந்து, மூன்று தரப்புக்குமான ஒரே பட்டியல் நடுவர் குழுவிடமிருந்து வந்தபோது 2016 ஆகிவிட்டது.

அமெரிக்க விமானிகளிடம் ‘ஸ்டேப்பிள் செய்தல்’ என்றொரு சொல்லும் உண்டு. வாங்கிய நிறுவனத்தின் பட்டியலுக்கு அடியில் வாங்கப்பட்ட நிறுவனத்தின் பட்டியலை அப்படியே வைத்துப் பின் அடித்துவிடுவது. இதற்குத் தமிழில் ‘அடியொட்டு’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ (டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ்) நிறுவனத்தை வாங்கியபோது டிடபிள்யூஏவின் விமானப் பணிப்பெண்கள் உள்ளிட்ட கேபின் பணியாளர்கள் முழுமையாக இப்படி அடியொட்டப்பட்டார்கள். விமானிகளிலும் பெரும் பகுதியினருக்கு அதே கதி. அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தபோது அடியில் இருந்தவர்களே முதலில் வெளியேறினார்கள். டிடபிள்யூஏவின் ஊரான செயின்ட் லூயிஸ் உள்ள மிசௌரி மாநிலத்தின் இரு செனட் உறுப்பினர்கள், மெக்காஸ்கில், பாண்ட் ஆகியோரின் பெயரால் 2007இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பட்டியல்கள் ‘நேர்மையாகவும் நியாயமாகவும்’ இணைக்கப்பட வேண்டும், உடன்பாடு இல்லாவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவிலும் இந்தச் சொல் காயப்படுத்தியிருக்கிறது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைந்தன. விமானிகள் மட்டும் இணையவில்லை. 2011இல் முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் மறுதரப்பு எழுந்தது: இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா வாங்க ஒப்பந்தம் செய்த போயிங் 787 ட்ரீம்லைனர் விமானங்களில் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் தங்கள் உயர்வு தள்ளிப்போகும் என்று. அவர்களின் வேலைநிறுத்தம் 58 நாள் நீடித்தது. இந்தப் பிணக்குகளுக்காக அரசு அமைத்த நீதிபதி தர்மாதிகாரி குழு ஆராய வேண்டியிருந்தவற்றுள் பதவி உயர்வும் ஊதியமும் முக்கியமானவை.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒருவர் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று சொல்லும்போது ‘பணிமூப்பு’ என்றே எழுதுங்கள். பட்டியலில் அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லும்போது ‘மூப்பு வரிசை’ என்று எழுதுங்கள். ‘பதினேழு ஆண்டு பணிமூப்பு இருந்தும் மூப்பு வரிசையில் கடைசியில் வைக்கப்பட்டார்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். சீனியாரிட்டி என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போட்டால் இந்த வாக்கியம் நிற்காது.