தணிக்கை: கணக்கு நோட்டிலிருந்து வந்த சொல்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு ரேஷன் கடைக் கதவில் சில நாள் சாக்பீஸால் 'இன்று தணிக்கை' என்று எழுதியிருக்கும். பையோடு போனவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆயா மட்டும், "தனிகீயாம், கடை கிடையாது" என்பார். ஆயா தப்பாக உச்சரிக்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பார்த்தால், மூலத்துக்கு என்னைவிட அவர்தான் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

தணிக்கை என்றதும் 'தணி' என்ற வினைதான் நம் காதில் விழும். கோபம் தணிவது, சூடு தணிவது போல, படைப்பின் காரத்தைக் குறைப்பது தணிக்கை என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. கேட்க அழகு, ஆனால் ஒட்டாது. கணக்குத் தணிக்கையில் எந்தச் சூடு தணிகிறது? தெலுங்கில் தனிகீ என்றால் சோதனை. கன்னடத்தில் தனிகெ என்றால் விசாரணை. இவற்றுக்கெல்லாம் வேர் அரபியின் 'தன்கீஹ்': வேண்டாததைக் கழித்துச் சீராக்குவது, திருத்துவது. உருது வழியாக வந்தது. நம்ம ஊர் நாஷ்டாவும் பேஜாரும் வந்த அதே வழி.

தணிக்கை என்று நாம் மொழிபெயர்க்கும் சென்சார் மட்டும் என்ன? பழைய ரோமில் சென்சார் என்பது ஒரு பதவி. குடிமக்களை எண்ணி, சொத்தை மதிப்பிட்டு, பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. சென்சஸும் அதே வேர்தான். ஊராரின் ஒழுக்கத்தைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. நடத்தை சரியில்லை என்று பட்டால் செனட் உறுப்பினர் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஆக, இரண்டு சொல்லும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள். மொழிபெயர்த்தவர் இதை யோசித்தாரோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.

சினிமா வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் 1983-இலேயே சென்சார் போய்ச் சான்றளிப்பு வந்துவிட்டது. நாம் இன்னும் "படம் சென்சார் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்கிறோம். சரி, அங்கே நாலு பேர் உட்கார்ந்து படத்தைப் பார்க்கவாவது செய்கிறார்கள்.

இணையத்தில்தான் சொல் இடிக்கிறது. காசிமேட்டு நண்பரின் மகன் சாவு வீட்டில் பாடும் மரண கானா ஒன்றைப் பாடி இணையத்தில் பதிவேற்றினான். அரை மணி நேரத்தில் காணோம். 'வன்முறை' என்று ஒற்றை வரி அறிவிப்பு. "தணிக்கை பண்ணிட்டாங்கண்ணா" என்றான். தணிக்கை என்றால் யாராவது பார்த்திருக்க வேண்டுமே! இயந்திரம் 'சாவு' என்ற சொல்லில் தடுக்கி விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

தளம் தன் விதிப்படி பதிவைக் கழிப்பதற்கு மட்டுறுத்தல் என்ற நல்ல சொல் இருக்கிறது. மட்டு என்றால் அளவு. வெளியிடும் முன் பார்த்து அனுமதிப்பதுதான் தணிக்கை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசு உத்தரவிட்டுத் தடுப்பது முடக்கம். அந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்வது 2009-ஆம் ஆண்டு விதிகள். 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த, அதே சட்டத்தின் 66ஏ பிரிவு இது எதுவும் இல்லை. அது பதிவை விட்டுவிட்டு ஆளைப் பிடித்த சட்டம். நாலையும் தணிக்கை என்றே சொன்னால், யாரைப் போய்க் கேட்பது என்பதே தெரியாமல் போகும்.

முடக்கம்கூட நமக்கு வங்கிக் கணக்கு வழியாகப் பழகிய சொல்தான். கணக்கை விட்டு இந்தச் சொற்கள் நகர மாட்டேன் என்கின்றன.