கேலிபரேஷன் – அளவுத்திருத்தம்

டிஜிட்டல் பிரஸ் ஓடும் கடைகளில் ‘கேலிபரேஷன் போட்டாச்சா?’ என்று கேட்காத நாள் இருக்காது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனி வேலைகளை அடைத்துவிடுகிறார்கள். மெஷின் முன்பு எந்த நிலையில் அடித்ததோ அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவது ஒன்று. அந்த நிலையில் அது ஃபைலில் உள்ள எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைத் தருகிறது என்று எழுதிவைக்கும் ஐசிசி புரொஃபைலை எடுப்பது இன்னொன்று. ஃபோட்டோஷாப்பில் படத்தின் நிறத்தைக் கூட்டிக் குறைப்பது மூன்றாவது. கேலிபரேஷன் என்பது முதல் வேலை மட்டுமே. அதைச் செய்யாமல் மூன்றாவதில் இறங்குவதால்தான் காலையில் ஓகே ஆன கல்யாணப் பத்திரிகை மாலையில் சிவப்பு தூக்கி வருகிறது. ஃபைலில் மெஜந்தாவைக் குறைத்து அனுப்பினால், மறுநாள் அதே ஃபைல் பச்சையடிக்கிறது.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. ‘காலிப்’ என்றால் உலோகம் வார்க்கும் அச்சு. அதற்கும் முன்னால், செருப்புத் தைப்பவர் வைத்துத் தைக்கும் பாத வடிவ மரக்கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருப்பதாகச் சொற்பிறப்பு அறிஞர்கள் காட்டுகிறார்கள். ‘மரம்’, ‘பாதம்’ என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது. பிரெஞ்சில் ‘காலிபர்’ துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறித்தது. அந்த விட்டத்தை அளந்து பார்ப்பதை ‘கேலிபரேட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். குழலுக்குச் சொன்னது பிறகு எல்லா அளவுக் கருவிகளுக்கும் பரவி, பிரின்டருக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் ‘அச்சு’ வார்ப்புக்கும் பெயர், அச்சிடுவதற்கும் பெயர். அந்த வகையில் இந்தச் சொல் நம்மிடம் பழைய வீட்டுக்கே வந்திருக்கிறது.

தமிழில் ‘அளவுத்திருத்தம்’ என்பது பரவலாகப் புழங்கும் ஈடு. இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. அளவியலின் பன்னாட்டுச் சொற்றொகுதி, கேலிபரேஷன் வேறு, கருவியைச் சரிசெய்வது வேறு என்று பிரித்தே சொல்கிறது. மதிப்பு தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு, கருவி எவ்வளவு விலகி நிற்கிறது என்று பதிவு செய்தவுடன் கேலிபரேஷன் முடிந்துவிடும். திருத்துவது அடுத்த வேலை. நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோவைச் சான்றிதழுக்கு அனுப்பும்போது நடப்பது இந்த ஒப்பீடுதான். அதை ‘அளவொப்பீடு’ என்று எழுதலாம். பிரின்டரில் அப்படி இல்லை. அளந்த கையோடு, ஃபைலை மெஷின் அடிக்கும் புள்ளிகளாக மாற்றித்தரும் ரிப் மென்பொருள் திருத்தத்தையும் எழுதிவிடுகிறது. எனவே அச்சுத்தொழிலுக்கு ‘அளவுத்திருத்தம்’ பிழையே இல்லாத சொல். ‘நிறத்திருத்தம்’ என்று எழுதுவதுதான் தவறு. அது கலர் கரெக்‌ஷன். படத்துக்குச் செய்வது, மெஷினுக்கு அல்ல.

திருத்தப்படுவது எது? ஃபைலில் 50 சதவீத சயான் இருந்தால், டோனர் என்ற நிறத்தூள் தாளில் விழும்போது புள்ளி பருத்து 65, 70 போலத் தெரியும். எவ்வளவு பருக்கும் என்பது படம் உருவாகும் டிரம்மின் வயது, அதற்கு டோனரைக் கொண்டுசெல்லும் டெவலப்பரின் நிலை, அறையின் ஈரப்பதம், தாள் ஆகியவற்றைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்குக்கும் ரிப் ஆளுக்கொரு வளைகோடு வைத்திருக்கிறது. ஃபைல் 50 கேட்டால் மெஷினிடம் அதைவிடக் குறைத்துச் சொல்லி, தாளில் சரியான அடர்த்தி விழச்செய்கிறது. இந்த நான்கு கோடுகளையும் இன்றைய மெஷினுக்கு ஏற்ப மறுபடி வரைவதுதான் அளவுத்திருத்தம்.

இதிலிருந்தே அதன் எல்லையும் புரியும். வளைகோட்டால் டோனரைக் குறைக்க முடியும். மெஷின் 100 சதவீதத்தில் தரும் அடர்த்திக்கு மேல் ஏற்ற முடியாது. திட நிறமே வெளிறி வந்தால் எத்தனை முறை கேலிபரேஷன் போட்டாலும் பயனில்லை. டிரம், டெவலப்பர், டோனரைத் தாளுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் பெல்ட் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் திரும்பத் திரும்பப் போட்டால் கோடு கோணலாக இழுபட்டு, வானம், முகம் போன்ற மென்மையான இடங்களில் நிறம் படிப்படியாக உடைந்து தெரியும்.

செய்முறையில் வரிசை முக்கியம். அறை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் நமுத்துப்போன தாளில் டோனர் ஏறாமல் திட்டுத்திட்டாக விழும். அந்தத் தாளில் எடுத்த அளவு குப்பை. மெஷின் சூடேறி, 30, 40 தாள்கள் ஓடிய பிறகு மெஷின் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் அதன் சொந்த இமேஜ் அட்ஜஸ்ட்மென்டை முதலில் ஓட்டுங்கள். அடுத்து ட்ரேயில் தாளின் வகையையும் ஜிஎஸ்எம்மையும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பது) உள்ளது உள்ளபடி கொடுங்கள். 300 ஜிஎஸ்எம் போர்டை 130 என்று கொடுத்தால் டோனரைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் போதுமான சூட்டைக் கொடுக்காது. மடிப்பில் டோனர் உதிரும், பளபளப்பு மாறும், அளவும் மாறும். பிறகுதான் ரிப்பில் அந்தத் தாளுக்குரிய கேலிபரேஷன் செட்டைத் (வளைகோடுகளின் தொகுப்பை) தேர்ந்து, அளப்பதற்கான நிறக் கட்டங்கள் கொண்ட கட்டத்தாளை அடிக்க வேண்டும். பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு ஒன்று, பூச்சில்லாத மேப்லித்தோவுக்கு ஒன்று என்று தனித்தனி செட் வேண்டும். ஒன்றை மற்றதற்குப் போட்டால் நடுநிறங்கள் எல்லாம் இருண்டுவிடும், அல்லது வெளுத்துவிடும்.

அளக்கும்போது பலர் கவனிக்காத இடம் ஸ்பெக்ட்ரோவின் வெள்ளை ஓடு. கருவி ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டைப் பார்த்துத்தான் ‘வெள்ளை இதுதான்’ என்று தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஓட்டில் விரல் ரேகையோ டோனர் தூசியோ படிந்திருந்தால், அழுக்கையே முழு வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லாக் கட்டங்களும் உள்ளதைவிட வெளிறியவையாகப் பதிவாகும். டோனர் குறைவு என்று ரிப் நினைத்துக் கோட்டை உயர்த்தும். அச்சு இருண்டு வரும். மெஷினில் கோளாறே இருக்காது. பஞ்சு உதிராத உலர்ந்த துணியால் ஓட்டைத் துடைத்துவிட்டு அளப்பது அரை நிமிட வேலை. கட்டத்தாளின் அடியில் அதே தாளில் மூன்று, நான்கு வெற்றுத்தாள்களை வையுங்கள். இல்லாவிட்டால் மேசையின் நிறம் ஊடுருவி அளவில் கலக்கும்.

‘புரொஃபைல்’ என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துவிடலாம். இத்தாலியச் சொல், நூல் என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபிலும்’ அதன் வேர், புறக்கோடு வரைதல் என்பது பழைய பொருள். 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிசி என்ற பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு அதன் கோப்பு வடிவத்தை வகுத்தது. ‘நிற விவரக்கோப்பு’ என்று எழுதினால் பொருள் நேராகப் போய்ச் சேரும். அது மெஷினைத் திருத்தாது, விவரிக்கும். அளவுத்திருத்தம் முடிந்த நிலையில் எடுத்த விவரக்கோப்பு, மெஷின் அந்த நிலையில் இருக்கும்வரை மட்டுமே உண்மை சொல்லும். அதனால் புரொஃபைல் எடுத்த அன்று எந்தக் கேலிபரேஷன் செட்டில் எடுத்தோமோ, அதோடுதான் அதைக் கட்டிவைக்க வேண்டும். அளவு எடுத்த முறையும் பொருந்த வேண்டும். வெண்மையூட்டி கலந்த தாளில் எம்0, எம்1 என்ற இரண்டு அளவீட்டு ஒளி முறைகள் வேறுவேறு எண் தரும். அச்சு நிறத்துக்கான அடிப்படைத் தரவுத்தொகுப்புகளில் ஃபோக்ரா39 எம்0ஐச் சார்ந்தது, ஃபோக்ரா51 எம்1ஐ. ஒன்றில் அளந்து மற்றதோடு ஒப்பிட்டால் தாளின் வெள்ளையிலேயே நீலம், மஞ்சள் தகராறு வரும்.

இரண்டு நிறங்களின் வேறுபாட்டைச் சொல்லும் எண் ‘டெல்ட்டா ஈ’. இதில் ஈ, உணர்வு என்று பொருள்படும் ஜெர்மன் சொல் ‘எம்ப்ஃபிண்டுங்’கின் முதலெழுத்து. ‘நிற விலகல்’ என்பது போதுமான தமிழ். 2000ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் 1 என்பது பழகிய கண்ணுக்கு மட்டும் மெல்லத் தெரியும் அளவு. 3ஐத் தாண்டினால் இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்த வாடிக்கையாளர் கேட்பார், குறிப்பாகச் சாம்பல் நிறத்தில். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்து சாம்பலைத் தருவதால், எது நழுவினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

ஃப்ளெக்ஸ், வினைல் அடிக்கும் இங்க்ஜெட்டில் இதே வேலைக்கு ‘லீனியரைசேஷன்’ என்று பெயர், தமிழில் ‘நேர்ப்படுத்தல்’. அங்கே நாஸில் செக் (மைத்துளைகளைச் சோதிப்பது), ஹெட் அலைன்மென்ட், ஃபீட் அட்ஜஸ்ட்மென்ட் மூன்றும் சரியான பிறகு மை வரம்பை (அதிகபட்சம் எவ்வளவு மை விழலாம் என்பதை) வைத்து, அதன் பின்னரே நேர்ப்படுத்த வேண்டும். ஈகோ சால்வென்ட் மையில் அடித்த புரொஃபைல் கட்டத்தாளை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அளப்பதே நம்பகமானது.

டோனர் மெஷினில் அளவுத்திருத்தம் தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு முறை. தாள் லாட் மாறினாலும், டிரம்மோ டெவலப்பரோ மாற்றினாலும் உடனே மறுபடி. புதிய டெவலப்பர் போட்ட பின்பு கட்டத்தாளில் நிற விலகல் 3க்குள் இறங்கவில்லை என்றால், பழைய விவரக்கோப்பை விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.